பனியாற்று ஓடையில் கிடைத்த புழு எந்தச் சிற்றினம்? படத்திலிருந்து எவ்வளவு சொல்லலாம்?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில் சந்திரா ஆற்றில் வந்து கலக்கும் ஒரு பனியாற்று ஓடையில், 3,500 மீட்டர் உயரத்தில், கற்களைப் புரட்டிப் பொறுக்கிய சிறு புழுக்களின் படங்களைப் போட்டிருக்கிறீர்கள். கைபேசிச் செயலி அவற்றைக் ‘கைரோனோமஸ்’ என்ற பேரினம் என்கிறது. சிற்றினப் பெயர் வரை சொல்ல முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ஓடையில் கிடைத்தவை பேட்டிடே (மேஈக்கள்), சிமுலிடே (கருப்பு ஈக்கள்), கைரோனோமிடே (கொசு போன்ற கடிக்காத சிற்றீக்கள்) என மூன்றே குடும்பங்கள், நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் கொடுத்து ஆற்றின் மாசை அளக்கும் பி.எம்.டபிள்யூ.பி. முறையில் போட்டால் சராசரி 3.67 வருகிறது, அப்படியானால் ஓடை மாசடைந்துவிட்டதா? உங்களை உறுத்துவது இந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்லச் சிற்றினப் பெயர் தேவையில்லை. குடும்பப் பெயரோடு நின்றாலும் போதாது. இடையில் துணைக்குடும்பம் என்று ஒரு படி இருக்கிறது. மலை ஓடைப் பூச்சிகளை வகை பிரிப்பதே பல ஆண்டுகளாக என் வேலை என்பதால், எந்தப் படி வரை உறுதியாக இறங்கலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. படத்தில் இருப்பது கைரோனோமிடே குடும்பத்துப் புழு; இதில் ஐயமில்லை. தலை ஓடு முழுமையாகவும் கெட்டியாகவும் வெளியே தெரிகிறது. தலைக்கு அடுத்த கண்டத்தில் ஓர் இணைப் பொய்க்கால் (கணுவில்லாத சதைக்கால்), உடலின் கடைசியில் இன்னோர் இணை, நுனிகளில் கொக்கிகள். இந்த அமைப்பு இருந்தால் அதே ஓடையில் வாழும் மற்ற உறவினங்களை விலக்கிவிடலாம். சிமுலிடே புழுவுக்கு மார்பில் ஒற்றைப் பொய்க்கால்தான். பின்புறம் பருத்து, கொக்கி வளையத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளால் நீரை வடிகட்டும். கடிக்கும் சிற்றீக்களான செரட்டோபோகோனிடே பெரும்பாலும் ஊசிபோல் மெலிந்து, கால் எதுவும் இல்லாமல் நெளியும். ப்ளெஃபரிசெரிடே புழுவைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றுப்புறத்தில் ஆறு உறிஞ்சு வட்டுகள் வரிசையாக இருக்கும். அருவி கொட்டும் வழவழப்பான பாறையிலும் அது நகர்ந்து மேயும். இந்தக் குடும்பத்தில் ‘ஹொராயா’ என்ற பேரினத்துக்கு டொனுவார் 1930-இல் பெயர் வைத்தபோது, காட்டாற்று உயிர்கள் கல்லைப் பற்றிக்கொள்ளும் உறுப்புகளை ஆராய்ந்த சுந்தர் லால் ஹோராவை நினைத்தே வைத்தார்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் வேலை செய்யும் மலைத்தொடரோடு அதற்கு நேரடி உறவு உண்டு. டியூட்டெரோஃப்ளெபியா என்ற பேரினம். அந்தக் குடும்பத்தில் இருப்பது அந்த ஒரே பேரினம்தான். அதன் முதல் சிற்றினத்தை 1922-இல் எஃப். டபிள்யூ. எட்வர்ட்ஸ் விவரித்தது காஷ்மீரிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து. புழுவின் உணர்கொம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். வயிற்றின் இருபுறமும் ஏழு இணைப் பொய்க்கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த பூச்சிக்கு வாயுறுப்பே கிடையாது. ஓரிரு மணி நேரமே பறந்து மடிகிறது. ஆணின் உணர்கொம்பு உடலைப் போலப் பல மடங்கு நீளம். இணைசேர்ந்த பெண் சிறகை உதிர்த்துவிட்டு நீருக்குள் இறங்கி முட்டையிடும். வேகமான ஓடையில் மேல்பக்கம் வழவழப்பான கற்களை மட்டும் தனியாகத் தேடினால் இது உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் ஒரே பார்வையில் அடையாளம் தெரியும். வேறு எதனோடும் குழப்ப முடியாது.

இனி ‘கைரோனோமஸ்’ என்ற விடைக்கு வருவோம். செயலிகள் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. அந்தப் படங்களில் பெரும்பங்கு சமவெளிக் குளங்களிலும் சாக்கடைகளிலும் எடுத்தவை. அங்கே அதிகம் கிடைப்பது கைரோனோமஸ். மீன் தொட்டிக் கடைகளில் உறையவைத்து விற்கும் ரத்தப்புழுவும் அதே கூட்டம்தான். அதன் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. சேற்றுக்குள், ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ்வதற்கான ஏற்பாடு அது. உங்கள் ஓடையில் அந்தத் தேவை குறைவு. கடல்மட்டத்தில் 0 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பதால் அது ஒன்பதரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கும். அதுவே வெயில்காலத்து ஏரி நீர் தாங்கக்கூடியதைவிட அதிகம். போதாததற்குக் கல்லில் மோதி நுரைத்து ஓடுவதால் நீர் எப்போதும் நிறைவாகவே இருக்கும். ஆகவே அங்குள்ள புழுக்கள் வெளிர் பழுப்பாகவோ, பச்சையோடியோ இருப்பது இயல்பு. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கைரோனோமினே துணைக்குடும்பத்திலும் சிவப்பில்லாதவை உண்டு. ஆல்கஹாலில் போட்டால் எல்லா நிறமும் சில நாட்களில் வெளுத்துவிடும். பிடித்த அன்றே, உயிரோடு இருக்கும்போது நிறத்தை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கைரோனோமிடே குடும்பத்தில் பெயரிடப்பட்ட சிற்றினங்கள் மட்டும் 6,000-க்கு மேல்; அவற்றைப் பதினொரு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். உயர் மலை ஓடையில் நீங்கள் உண்மையில் பிரித்தறிய வேண்டியவை நான்கைந்துதான். தலை ஓட்டை வயிற்றுப்புறம் மேலே இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். உணர்கொம்பு தலைக்குள் இழுத்துக்கொள்ளக்கூடியதாகவும், வாய்க்குள் முள்கரண்டி போன்ற ஒரு தனித் தட்டும் இருந்தால் டானிப்போடினே, இவை வேட்டையாடிகள். கீழ்த்தாடைக்கு நடுவில் பல்வரிசையோடு தெரியும் தட்டின் பெயர் மென்டம். அதன் இருபுறமும் விசிறிபோல் விரிந்த, நெருக்கமான கோடுகள் ஓடும் தகடுகள் இருந்தால் கைரோனோமினே. அந்தக் கோடுகள் இல்லாமல், தகடும் ஒடுங்கியிருந்தால் ஆர்த்தோகிளாடினே அல்லது டயமெசினே. இவ்விரண்டையும் பிரிக்க உணர்கொம்பின் மூன்றாம் கண்டத்தைப் பாருங்கள்: டயமெசினேயில் அதில் வளையம் வளையமாக வரி விழுந்திருக்கும், ஆர்த்தோகிளாடினேயில் அது வழவழப்பாக இருக்கும். உடலின் கடைசியில் மயிர்க்கற்றையைத் தாங்கும் இரு காம்புகள் அகலத்தைவிடப் பல மடங்கு நீண்டிருந்தால் போடோனோமினேயை நினையுங்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் குளிர்ந்த ஊற்றுகளிலும் பாசி படர்ந்த கசிவுகளிலும் கிடைக்கும்.

அந்த வளையவரிதான் உங்கள் கேள்விக்கான சாவி. அது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. நல்ல கண்ணாடித் தகடு (ஸ்லைடு) செய்யாமல் மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. புழுவின் தலையை உடலிலிருந்து மெல்லிய ஊசியால் பிரித்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓரிரவு வையுங்கள். தசை கரைந்து ஓடு மட்டும் நிற்கும். பிறகு சில நிமிடம் அசிட்டிக் அமிலம், அடுத்து ஆல்கஹால், கடைசியில் யூபரால் பிசின். மூடுகண்ணாடியை வைத்ததும் லேசாக அழுத்தினால் தாடைகள் விரிந்து மென்டம் தட்டையாகும். அதிகம் அழுத்தினால் ஓடு கிழியும். உடலையும் அதே தகட்டில் பக்கத்திலேயே பொருத்துங்கள், ஏனென்றால் உடல் மயிர்களும் தேவைப்படும். எடுத்துக்காட்டாக யூகீஃபெரியெல்லா, ட்வெடீனியா இரண்டும் ஆர்த்தோகிளாடினேயின் பேரினங்கள். தலையை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்பக் குழம்பும். ட்வெடீனியாவின் உடல் மயிர்கள் தடித்து நீண்டிருக்கும். யூகீஃபெரியெல்லாவில் அவை குட்டை. கிரிக்கோடோபஸில் பல சிற்றினங்களுக்கு வயிற்றுக் கண்டங்களின் ஓரத்தில் தூரிகைபோல மயிர்க்கொத்து இருக்கும். தலையை வைத்துக்கொண்டு உடலை எறிந்துவிட்டவர்கள் இவற்றையெல்லாம் இழக்கிறார்கள்.

துணைக்குடும்பம் தெரிந்தால் என்ன பயன்? பனியாற்று ஓடைகளில் நிறையப் பயன். மில்னர், பெட்ஸ் இருவரும் 1994-இல் முன்வைத்த ஒரு வரைவை இத்துறையில் எல்லோரும் இன்றும் தொட்டே பேசுகிறார்கள். பனியாற்றின் வாயிலிருந்து கீழே இறங்க இறங்க நீர் சூடாகும், ஆற்றுப்படுகை நிலைபெறும். அதற்கேற்பப் பூச்சிகள் வரிசையாக வந்து சேரும். நீரின் உச்ச வெப்பம் 2 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை டயமெசினே, அதிலும் டயமெசா பேரினமே ஆட்சி செய்யும். 2 முதல் 4 டிகிரிக்குள் ஆர்த்தோகிளாடினேயும் சிமுலிடேயும் சேரும். 4 டிகிரியைத் தாண்டியதும் பேட்டிடே போன்ற மேஈக்களும் கல்ஈக்களும் வரும். இது பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க ஓடைகளைப் பார்த்து எழுந்த வரைவு. இமயத்தில் பருவமழையும், இன்னும் உயர்ந்த பனிக்கோடும், செங்குத்துச் சரிவும் இருப்பதால் வெப்ப எல்லைகளை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிசையின் திசையை நம்பலாம். எண்களை உங்கள் ஓடையில் நீங்களே வெப்பமானியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பனியாறு நேரடியாக உருகி ஓடும் ஓடை, ஊற்றுநீர் ஓடை, குளிர்காலப் பனியும் மழையும் ஊட்டும் ஓடை மூன்றும் அருகருகே இருந்தாலும் அவற்றின் உயிர்க்கூட்டம் வெவ்வேறு. மாதிரிச் சீட்டில் ‘ஓடை’ என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும்.

உங்கள் படத்தில் கற்கள் மேல் பழுப்பாக வழுக்கும் இழைகள் தெரிகின்றன. அவற்றைக் கசக்கி முகர்ந்தால் கெட்ட வாடை அடித்திருந்தால், அது ஹைட்ரூரஸ் ஃபீட்டிடஸ் என்ற பாசியாக இருக்கலாம். குளிர்ந்த வேகமான நீரில்தான் வளரும். பலர் அந்த வாடையையும் வழவழப்பையும் பார்த்துக் கழிவுநீர் கலந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பாசி டயமெசாவுக்கும் ஆர்த்தோகிளாடினே புழுக்களுக்கும் உணவும் உறைவிடமும். தகட்டில் வைத்த புழுவின் குடலைப் பாருங்கள். மேய்ந்தது என்ன என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

இப்போது அந்த 3.67. நீங்கள் கணக்கில் தவறவில்லை: பேட்டிடேக்கு 4, சிமுலிடேக்கு 5, கைரோனோமிடேக்கு 2, கூட்டினால் 11, மூன்றால் வகுத்தால் 3.67. பாடப் பட்டியல்களில் 4-க்குக் கீழே என்றால் கடுமையான மாசு என்று போட்டிருக்கும். கோளாறு அளவுகோலில் இருக்கிறது. இந்த முறை 1970-களில் பிரிட்டனின் ஆறுகளுக்காக, கழிவுநீரால் ஆக்சிஜன் குறைவதை அளப்பதற்காக உருவானது. அங்கே கைரோனோமிடே குடும்பம் முழுவதற்கும் 2 கொடுத்ததற்குக் காரணம், அழுக்கு நீரையும் தாங்கும் கைரோனோமஸ் அதே குடும்பத்தில் இருப்பதுதான். உலகிலேயே மிகத் தூய, மிகக் குளிர்ந்த நீரில் மட்டும் வாழும் டயமெசாவுக்கும் அதே 2 கிடைத்துவிடுகிறது. மேலும் பனியாற்று ஓடையில் குடும்பங்கள் குறைவாக இருப்பது குளிராலும், கற்பொடி கலந்து பால்போல் ஓடும் நீராலும், நாள்தோறும் புரளும் படுகையாலும். மாசு இல்லாமலேயே பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும். எனவே இந்த எண்ணை உங்கள் அறிக்கையில் மாசுக்குச் சான்றாக வைக்காதீர்கள். நூறு புழுக்களை எடுத்துத் தகடு செய்து, எத்தனை டயமெசினே, எத்தனை ஆர்த்தோகிளாடினே, எத்தனை கைரோனோமினே என்று பிரித்துப் பாருங்கள். முதலிரண்டும் ஏறக்குறைய முழுவதும் நிறைந்திருந்தால், கரிமக் கழிவு கலந்ததற்கு இந்தப் புழுக்களில் எந்த அடையாளமும் இல்லை என்று எழுதலாம். முகாம்களுக்கோ தாபாக்களுக்கோ கீழே உள்ள இடத்தில் கைரோனோமினேயின் பங்கு திடீரென்று ஏறினால், அப்போது கவலைப்படக் காரணம் உண்டு. கன உலோகம், பூச்சிக்கொல்லி போன்றவற்றைப் பற்றி இந்தப் பங்கீடு எதையும் சொல்லாது. அதற்கு நீரைத்தான் சோதிக்க வேண்டும்.

இதே மதிப்பெண் அட்டவணையை நீலகிரியிலும் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்த வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேல் சோலைக்குள் ஓடும் நீர் நமக்குக் குளிர்ந்தாலும் பனியாறு உருகிய நீரின் பக்கத்தில் அது வெதுவெதுப்பானது. அங்கே விழுந்த இலைகளே உணவுக்கு அடிப்படை. துணைக்குடும்பங்களின் கலவையும் வேறாக இருக்கும். அங்குள்ள மாசில்லாத ஓடை ஒன்றை முதலில் அளந்து, அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வதே சரி.

சிற்றினப் பெயர் ஏன் புழுவிலிருந்து வராது என்பதற்கு வருகிறேன். டயமெசாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரிக்கும் அடையாளங்களில் பெரும்பாலானவை வளர்ந்த ஆணின் பிறப்புறுப்பில் இருக்கின்றன. அவற்றை வைத்தே பெயரும் வைத்தார்கள். புழுநிலை தெரியாத சிற்றினங்கள் ஏராளம். தெரிந்தவற்றிலும் பல ஒன்றுபோல் இருக்கின்றன: ஐரோப்பிய ஆல்ப்ஸில் தலைமுறைகளாக ஆராய்ந்த சினெரெல்லா, செர்னியி போன்ற டயமெசா சிற்றினங்களின் புழுக்களையே வல்லுநர்கள் ஒரு குழுவாகச் சேர்த்து எழுதுகிறார்கள். போதாததற்குக் கல்லைச் சுரண்டிச் சுரண்டி மேய்வதால் மென்டத்தின் பற்கள் தேய்ந்துவிடும். நடுப்பல் ஒன்றா இரண்டா என்பதே சில நேரம் தெரியாது. புழு நான்கு முறை வளர்ந்து தோலுரிக்கும். படிப்படியாக அடையாளம் காண உதவும் நூல்களான திறவுகோல்கள் நான்காம் பருவத்துக்கு எழுதப்பட்டவை. உங்கள் குப்பியில் தலையின் அகலத்தை அளந்து வரிசைப்படுத்தினால் அளவுகள் கூட்டம் கூட்டமாகப் பிரியும். பெரிய கூட்டத்தை மட்டும் திறவுகோலில் ஓட்டுங்கள். சிறியவற்றைத் துணைக்குடும்பத்தோடு நிறுத்துவது நேர்மை.

திறவுகோல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லோரும் நாடுவது வீடர்ஹோம் 1983-இல் தொகுத்த, வடகோளத்துக்கான புழுத் திறவுகோலும் 2013-இல் வந்த அதன் புதுப்பித்த வடிவமும். லாஹௌலின் உயரத்தில் வாழ்பவை பெரும்பாலும் வடக்கத்திய வம்சம் என்பதால் பேரினம் வரை அது உங்களைக் கொண்டுசேர்க்கும். உயரம் குறையக் குறையத் தெற்காசிய வெப்ப மண்டலப் பேரினங்கள் கலக்கும். அங்கே திறவுகோல் உங்களை ஏதோ ஒரு விடைக்குத் தள்ளிவிடும், அது சரியான விடை என்பதற்கு உறுதியில்லை. இந்தியச் சிற்றினங்களில் பலவற்றுக்கு 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கீஃபர் பெயர் வைத்தார். அந்த விவரிப்புகள் சில வரிகளே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலமாதிரிகள் பலவும் இன்று கிடைப்பதில்லை. பிற்காலத்தில் வங்காளத்தின் பர்த்வான் பல்கலைக்கழகத்தில் பி. கே. சௌதுரியும் அவருடைய மாணவர்களும் பொறுமையாகச் செய்த வேலைதான் இந்தியக் கைரோனோமிடே வகைபாட்டுக்கு இன்று நம்பக்கூடிய அடித்தளம். உங்கள் தகடுகளை ஒருவரிடம் காட்ட வேண்டுமென்றால் அந்த மரபில் வந்தவர்களைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

புழுவுக்கும் வளர்ந்த ஆணுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். புழுவுக்கும் பூச்சிக்கும் இடைப்பட்ட கூட்டுப்புழு நிலைதான் பியூப்பா. பூச்சி வெளியேறியதும் பியூப்பா உரித்த சட்டை நீரில் மிதந்து போகும். ஓரிரு நாள் மிதக்கும். கல்லுக்குப் பின்னால் நுரை ஒதுங்கும் இடங்களில், கரையோரச் சுழிகளில் சேரும். ஜெர்மானியரான ஆகஸ்ட் தீனெமன் 1910-லேயே இந்தச் சட்டைகளைச் சேகரிக்கும் முறையைப் பரிந்துரைத்தார். நுரையை மெல்லிய வலையால் அள்ளிக் குப்பியில் போட்டால், அந்த ஓடையின் எல்லா வகை இடங்களிலிருந்தும் அந்த இரண்டு நாட்களில் வெளியேறியவற்றின் பட்டியல் ஒரே கையில் வந்துவிடும். உயிர் எதையும் கொல்ல வேண்டியதில்லை. சட்டையில் மார்புக்கொம்பின் வடிவம், வயிற்றின் முதுகுத் தகடுகளில் முள்வரிசை, கடைசி மடலின் தடித்த மயிர்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். பேரினம் பெரும்பாலும் உறுதியாகும், பல நேரம் அதற்குக் கீழும் போகலாம். இன்னும் மேலானது, முதிர்ந்த பியூப்பா ஒன்று கிடைப்பது. அதன் உள்ளே வளர்ந்த ஆண் முழுதாக உருவாகியிருக்கும். பிறப்புறுப்பைத் தோலுக்கூடாகவே பார்க்கலாம். பின்புறத்தில் உரித்த புழுத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தால், புழு, பியூப்பா, ஆண் மூன்றும் ஒரே உயிரில் கிடைத்துவிட்டன. குளிர்நீர்ப் புழுக்களை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது கடினம். ஆகவே கற்களைப் புரட்டும்போது இப்படிப்பட்ட பியூப்பா கிடைத்தால் புழுக் குவியலோடு கலக்காமல் தனிக் குப்பியில் போடுங்கள்.

வளர்ந்த பூச்சிகளை ஓடையோரக் கற்களுக்கு அடியிலும் பனித்திட்டுகள் மேலும் தேடுங்கள். சிறகின் நடுவில் ஒரு குறிப்பிட்ட குறுக்கு நரம்பு டயமெசினேயில் உண்டு. ஆர்த்தோகிளாடினேயிலும் கைரோனோமினேயிலும் இல்லை. முன்காலின் முதல் பாதக்கண்டம் அதற்கு மேலுள்ள கண்டத்தைவிட நீண்டிருந்தால் அநேகமாகக் கைரோனோமினே. டயமெசாவின் பாதத்தில் நான்காம் கண்டம் இதய வடிவில் சுருங்கியிருக்கும். சிறகு குறுகியோ இல்லாமலோ இருந்தாலும் வியப்பில்லை. நேபாளத்தின் லாங்டாங்கில் 5,000 மீட்டருக்கு மேலுள்ள யாலா பனியாற்றில், சிறகு குறுகிப் பறக்க முடியாத ஒரு டயமெசா -16 டிகிரியிலும் பனிமேல் நடமாடுவதை ஜப்பானியரான கோஷிமா 1984-இல் வெளியிட்டார். அதன் புழுக்கள் பனியாற்றுக்குள் உருகுநீர் ஓடும் வாய்க்கால்களில் பாசியையும் பாக்டீரியாவையும் தின்று வளர்கின்றன. 1987-இல் சேதரும் வில்லாசனும் நேபாளப் பனியாறுகளிலிருந்து நான்கு புதிய டயமெசா சிற்றினங்களை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்குக் கோஷிமாவின் பெயர். ஒரு நாட்டின் ஒருசில பனியாறுகளிலேயே நான்கு புதியவை கிடைத்தன என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் குப்பியில் இருப்பதும் இன்னும் பெயர் பெறாததாக இருக்கலாம். அதற்கு ஐரோப்பியப் பெயர் ஒன்றைப் பொருத்திவிட்டால் பின்னால் வருபவர் அதைத் தேடவே மாட்டார். நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுதான் காரணம். பனியாறுகள் பின்வாங்கும் வேகத்தில், குளிர் நீரை மட்டுமே நம்பியிருக்கும் இந்தச் சிற்றினங்கள் பதிவாவதற்கு முன்பே போய்விடக்கூடும்.

மரபணுப் பட்டைக்குறி பற்றியும் கேட்டிருந்தீர்கள். சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்தால், பெயர் தெரியாத புழுவையும் பெயர் தெரிந்த ஆணையும் இணைக்கலாம். இதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்த இணைப்புக்கு, பெயர் தெரிந்த ஆணின் வரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். இமயத்திலிருந்து போன வரிசைகள் குறைவு என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் ‘நெருங்கிய உறவு இது’ என்ற விடைதான் வரும். அந்த நெருங்கிய உறவின் பெயரையே எழுதிவிடாதீர்கள். அண்மையில் பிரிந்த சிற்றினங்களை இந்த ஒரு மரபணு பிரித்துக் காட்டாமலும் போகலாம். ஹைட்ராக்சைடு மரபணுவை அழித்துவிடும் என்பதால், முதலில் உடலின் நடுப்பகுதியில் சிறு துண்டை எடுத்து 95 விழுக்காடு ஆல்கஹாலில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தகடு செய்யுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது காலையிலேயே ஓடைக்கு இறங்கிவிடுங்கள். வெயிலில் பனி உருகி மாலையில் நீர் பெருகும், அப்போது படுகை அசைவதோடு உங்களுக்கும் ஆபத்து. 500 மைக்ரான் வலையில் சிறிய புழுக்கள் நழுவிவிடும், 250 மைக்ரான் வலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது கோடை தொடங்கும் முன், ஓடை தெளிவாகவும் தணிந்தும் இருக்கும்போது மாதிரி எடுங்கள். டயமெசாக்களில் சில குளிர்காலத்தில் வெளியேறுபவை, கோடையில் மட்டும் போனால் அவை முட்டையாகவோ அடையாளம் காண முடியாத முதற்பருவப் புழுவாகவோதான் இருக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டு வல்லுநருக்கு அனுப்ப நினைத்தால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி என்ன அனுமதி தேவை என்று சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குக் குப்பிச் சீட்டில் ‘கைரோனோமிடே, துணைக்குடும்பம் பார்க்க வேண்டும்’ என்று எழுதி, இடம், உயரம், நாள், நேரம், நீரின் வெப்பம், ஓடை எதனால் ஊட்டப்படுகிறது என்பதையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். உணர்கொம்பின் மூன்றாம் கண்டத்தில் வளையவரி தெரிந்த பிறகு ‘டயமெசினே’ என்று மாற்றுங்கள். மென்டமும் உடல் மயிர்களும் திறவுகோலோடு ஒத்துவந்தால் ‘டயமெசா, சிற்றினம் தெரியவில்லை’. அந்தத் தகட்டின் 400 மடங்கு படத்தை, மென்டமும் உணர்கொம்பும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு குவியங்களில் எடுத்து இங்கே போட்டால், அடுத்த படிக்கு இறங்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.